முட்டி போன ஆட்டக்காரர்

துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது குதித்தால், அதன் நான்கு கால்களில் ஏதோ ஒன்று தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அந்தக் காலை மட்டம் பார்த்தது. சனிக்கிழமை காலை பத்து மணி. மகள் இயந்திரத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு "இன்னும் கால் சுற்று" என்பாள். அப்பா தரையில் மண்டியிட்டு ஸ்பேனரைத் திருப்புவார். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. முடிந்ததும் அவர் எழுந்தார். சும்மா எழுந்தார். முழங்காலில் கையை ஊன்றவில்லை, பல்லுக்கிடையே காற்றை இழுக்கவில்லை, பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு முறை சுற்றிப் பார்க்கவும் இல்லை.

இதில் என்ன விசேஷம் என்று நீங்கள் கேட்கலாம். அவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

அவர் முட்டி போன ஆட்டக்காரர்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். முடிவெட்டும் கடையில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் கேன்டீனில் உங்கள் எதிரில் டீ குடிப்பார். பஸ்ஸில் ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கி, ஒரு காலை மட்டும் நடைவழியில் நீட்டிக்கொண்டு, அதை யாராவது மிதிக்கமாட்டார்களா என்று காத்திருப்பார். மிதித்தால் போதும். பத்தொன்பது வயதில் தொடங்கி, நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் வரை கதை ஓடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனையோ பையன்களுக்கு உண்மையிலேயே கால் போகிறது. ஒரு மாலை மைதானத்தில் விழுகிறான், ஆறு மாதம் கட்டு, பிறகு ஷூவைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போய்விடுகிறான். அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவனும் பேசமாட்டான். இது பேசுகிறவரைப் பற்றியது.

ஆடிய காலத்தில் அப்பாவுக்கு 'தந்தி' என்று பெயர். எதிரணியின் கோலுக்கு அவ்வளவு வேகமாகப் போய்ச் சேருவாராம். பிறகு முப்பத்தாறு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதுவது உத்தியோகம். டயர் வெடித்தது, பாலத்தில் நெரிசல், கண்டக்டருக்கு வயிற்றுவலி, எந்தச் சாக்கும் அவரிடம் செல்லாது. உலகத்திலேயே செல்லுபடியாகிற சாக்கு ஒன்றுதான் உண்டு. அது அவருடைய வலது முழங்காலில் இருந்தது.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்கப் படிக்கட்டைவிட நல்ல கருவி கிடையாது. மூன்றாவது படியில் நிற்பார். நிற்கத் தேவையில்லை, ஆனாலும் நிற்பார். நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான்காவது படியில் மறுபடி நிற்பார், இம்முறை சத்தத்தோடு.

"என்னங்க, முட்டியா?"

"அட, ஒண்ணுமில்ல. பழைய விஷயம். நீங்க போங்க."

போய்விடாதீர்கள். போனால் நீங்கள் இரக்கமில்லாதவர்.

தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினால் அவர் பந்தைப் பார்க்கமாட்டார், கால்களைப் பார்ப்பார். யாராவது ஒரு பையன் புல்லில் விழுந்து புரள வேண்டியதுதான், அணி டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் இவர் நாற்காலியிலிருந்தபடியே சொல்லிவிடுவார்: "போச்சு. ஜவ்வு." அந்தப் பையன் எழுந்து ஓடினால் மனம் கோணிப்போவார். மழை வருமா என்பதையும் முட்டியே சொல்லும். மகள் ஒரு மழைக்காலம் முழுக்கக் குறித்துவைத்தாள். நாற்பத்தொரு முன்னறிவிப்பு, பத்தொன்பது சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தால் இன்னும் ஒன்று கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் டீயைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பை பறிபோகும். மேசையில் அது கோல் கம்பமாகிவிடும். இன்னொரு கோப்பை இன்னொரு கம்பம். மாத்திரைப் புட்டி, அப்பா. சர்க்கரை டப்பா, எதிரணியின் பின்வரிசை ஆட்டக்காரர். அவருடைய உருவத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் 'பீரோ'.

"எழுபத்தோராவது நிமிஷம். பந்து எனக்கு வருது. ஒருத்தனைத் தாண்டறேன். இன்னொருத்தனைத் தாண்டறேன். அடிக்கிறேன். பந்து காலை விட்டுப் போயிடுச்சு, அது கவனம். போன பிறகு வரான் இந்த பீரோ."

சர்க்கரை டப்பா மாத்திரைப் புட்டியின் மேல் இறங்கும்.

"அந்த ஒரு செகண்ட்…" என்பார். இங்கே ஒரு மடக்கு டீ. உங்கள் டீ. "கோல் விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. தரையில கிடந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் தேசிய அணிக்குத் தேர்வு. தேர்வாளர் ஒருத்தர் அன்னைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கையில நோட்டு."

தான் பார்க்காத கோல் என்பதால் அதன் தூரத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. மகளின் தொழில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. அளவு என்றால் கை தானாக நோட்டைத் தேடும். அவளுக்கு ஏழு வயதில் அந்தக் கோல் இருபது மீட்டரிலிருந்து அடிக்கப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வின்போது இருபத்தேழு. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முப்பத்தைந்து. வரைபடம் போட்டுப் பார்த்தால் அழகான நேர்கோடு. இன்னும் சில வருடம் இருந்திருந்தால் அப்பா அந்தக் கோலை மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று அடித்திருப்பார். தேர்வாளரும் ஒருவர் இருவரானார், பிறகு அதில் ஒருவருக்குத் தொப்பி முளைத்தது.

அம்மா இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்பாள். "நான் வந்தப்ப இந்த வீட்ல மூணு பேர்" என்பாள் விருந்தாளியிடம். "நான், இவர், இவர் முட்டி. சிலிண்டர் தூக்கணும்னா முட்டி குறுக்கே நிக்கும். பரண்ல ஏறணும்னா முட்டி விடாது. மாட்ச் ஆரம்பிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கரண்ட் போகட்டும், மூணு மாடியும் இறங்கி எதிர்வீட்டுக்கு ஓடுவார் பாருங்க. அப்ப முட்டி எங்கே போகும்னு எனக்கு இன்னும் தெரியல."

"உனக்கு ஆட்டம் புரியாது" என்பார் அப்பா.

"ஆட்டம் புரியாது. ஓட்டம் தெரியுது."

சிரிக்கலாம். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் புன்னகை மட்டும் செய்கிறவர் ஒருவர் உண்டு. அவர் பீரோ.

பீரோவுக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. கதவை அடைக்கிற உடம்பு, அந்த உடம்பின் முடிவில் கடுகளவு திருகாணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரல். சட்டத்தைச் சரிசெய்யவும், லென்ஸைத் துடைக்கவும், சில நேரம் சும்மாவும் அப்பா அந்தக் கடைக்குப் போவார். அப்பா வாசலில் தெரிந்ததும் பீரோ எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பார். கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அப்பா உட்கார்ந்து, வலது காலை நீட்டி, கடையில் நிற்கும் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அவரிடம் தொடங்குவார்: "இவர் யார் தெரியுமா? என் வாழ்க்கையில விளையாடினவர்." பீரோ நின்றபடியே திருகாணியை முடுக்குவார். "ஆமாங்க, நான்தான்" என்பார். அவ்வளவுதான் அவருடைய வசனம். நாற்பத்து நான்கு வருடமாக அதே வசனம், அதே நிற்றல்.

நன்றாகக் கவனியுங்கள். ஒருவர் முட்டி போனதால் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் அதைப் போக்கியதற்காக நின்றுகொண்டிருக்கிறார். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு ஜவ்வின் மேல் நிற்கிறது. அந்த ஜவ்வு உண்மையில் அறுந்ததா என்று யாரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் எட்டிப் பார்க்க வழியில்லை. கிளப்பில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ஜவ்வு போச்சு தம்பி. பந்தை மறந்துடு" என்றார். மருத்துவப் பரிசோதனை முடிந்தது. மகள் இந்தத் தொழிலுக்கு வந்து பதினைந்து வருடமாக, "என் மெஷின்ல ஒரு தடவை படுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு ஸ்கேன்?" என்பார். தொடர்வண்டியில் கூட்டம், இன்று கிழமை சரியில்லை, அந்த மெஷின் சத்தம் காதுக்கு ஆகாது. டெப்போவில் எந்த டிரைவராவது இப்படிப் பேசியிருந்தால் அரைநாள் சம்பளம் போயிருக்கும்.

கடைசியில் குளியலறை ஈரம் அந்த வேலையைச் செய்தது. வழுக்கி விழுந்தார், முட்டி வீங்கியது, அம்மா ஒரே வார்த்தையில் உத்தரவு போட்டாள். மகள் பராமரிக்கும் இயந்திரம் ஒன்றிலேயே படுத்தார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். டைம் கீப்பருக்கு அதுவே பெரிய விஷயம். உள்ளே போனதும் ஒலிவாங்கி வழியாகப் படம் எடுப்பவரிடம், "இது எப்படி ஆச்சுன்னா தம்பி, எழுபத்தோராவது நிமிஷம்…" என்று தொடங்கினார்.

"பேசாதீங்க சார். அசையாதீங்க."

அந்தக் கதையை நடுவில் நிறுத்தும் துணிவு நாற்பத்து நான்கு வருடத்தில் முதன்முதலாக ஒருவருக்கு வந்தது. கோல் அன்று விழவில்லை.

மகள் திரையைப் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முட்டி பார்த்தவள். அறுந்த ஜவ்வு இருக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது நைந்த நூல் மாதிரி ஏதோ இருக்கும். இங்கே கறுப்பாக, தடிப்பாக, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி ஒரு கோடு, மேலிருந்து கீழ் வரை.

படம் பார்க்கும் டாக்டரம்மா சுழல்நாற்காலியில் நெருங்கி வந்தாள். "யாரோடது?"

"எங்க அப்பாவோடது."

"நல்ல முட்டி. இந்த வயசுல இவ்வளவு நல்ல முட்டியைப் பார்த்து நாளாச்சு. வீக்கம் ரெண்டு நாள்ல வத்திடும்."

"சின்ன வயசுல ஜவ்வு அறுந்ததுன்னு…"

"யார் சொன்னது?"

யார் சொன்னது என்று எப்படிச் சொல்வது? இரண்டு கட்டைவிரல். ரிப்போர்ட்டில் மூன்று வரி வந்தது. ஜவ்வுகள் யாவும் முழுமையாக உள்ளன. பழைய கிழிசலுக்கான தடயம் இல்லை. வயதுக்கேற்ற தேய்மானம்.

வெளியே வராந்தாவில் அப்பா, கைக்குக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒருவரிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார். மகள் உறையோடு கதவருகில் நின்றாள். நான்கு அடி தூரம். அளவையும் உண்மையையும் சேர்த்தே பழகியவள் அவள். இயந்திரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பவள். இந்த மூன்று வரியைப் படித்துக் காட்டினால் அப்பாவிடம் மிச்சம் என்ன இருக்கும்? முப்பத்தாறு வருடத் தாமத நோட்டுகள். அது போதாது.

"என்ன போட்டிருக்கு பாப்பா?"

"அறுந்துதான் இருக்குப்பா."

"முழுசாவா?"

"முழுசா."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான். கைக்குக் கட்டுப்போட்டவரிடம் திரும்பி, "கேட்டீங்க இல்ல? முழுசா" என்றார். அவர் வேறு வழியில்லாமல் வாழ்த்தினார்.

அன்பில் சொன்ன பொய் அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. படி இறங்கும்போது, நிற்க வேண்டிய மூன்றாவது படியில் நின்று, அப்பா கையை நீட்டினார். "அந்தக் கவரைக் கொடு. பீரோகிட்ட காட்டணும்."

கண் பரிசோதனை எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தினமும் பிறருக்குப் படித்துக் காட்டுகிறவர் பீரோ. மூன்று வரி ரிப்போர்ட்டைக் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சத்தமாகவே படித்துவிடுவார். மகள் உறையைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

"இது படம்தான்பா. ரிப்போர்ட் தனியா வரும்."

"எப்ப?"

"பிரிண்டர் ரிப்பேர்."

"ரிப்பேர் பண்றவளே நீதானே?"

"அது வேற கம்பெனி பிரிண்டர்."

மறுநாள் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மையில்லை என்றாள். காகிதம் தீர்ந்தது என்றாள். மையும் காகிதமும் இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று அவர் கவலைப்பட்டார். பிறகு திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் கவனித்தது அம்மா. மகளுக்குப் போன் செய்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பாவுக்கு உடம்பு ஏதோ சரியில்ல போலிருக்கு. ரெண்டு நாளா முட்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"வலி குறைஞ்சிருக்கும்மா."

"வலிக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? நேத்து மாட்ச்ல ஒரு பையன் விழுந்தான். இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'எழுந்திருப்பான்'னார். எனக்கு பயமா இருக்கு. வாஷிங் மெஷின் வேற குதிக்குது. சனிக்கிழமை வந்து ரெண்டையும் பாரு."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. அப்பா இயந்திரத்துக்கு அடியில் தலையை விட்டிருந்தார். சில விஷயங்களைப் பேச அது வசதியான இடம்; முகம் தெரியாது.

"உன் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்" என்றார்.

மகள் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தபடி இருந்தாள். "எப்ப?"

"புதன்கிழமை. பிரிண்டர் நல்லாத்தான் ஓடுது. ஒரு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்தாங்க."

"இன்னும் கால் சுற்றுப்பா."

திருப்பினார். "நல்ல முட்டியாம். கை கொடுத்து வாழ்த்து வேற சொன்னாங்க."

"அந்த எண்ணெய்க்காரர் சொன்னது தப்பு. உங்க மேல தப்பில்லை."

"அவர் சொன்னது தப்புதான். அது எனக்கு அப்பவே தெரியும் பாப்பா."

குமிழி நடுவுக்கு வந்து நின்றது. மகள் அதைச் சொல்லவில்லை.

"எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல மைதானத்துக்குப் போனேன். யாரும் இல்லை. ஓடிப் பார்த்தேன். சட்டுனு திரும்பிப் பார்த்தேன். உதைச்சும் பார்த்தேன். வலிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீட்டுக்கு நொண்டிக்கிட்டே வந்தேன்."

"ஏம்ப்பா?"

"வலிக்கலேன்னா ஆடணும். ஆடினா தேர்வுக்குப் போகணும். போனா நான் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். அதுவரைக்கும் ஊரே சொல்லிட்டிருந்தது, அந்தப் பையன் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பான்னு. கேட்க நல்லா இருந்தது." ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துடுச்சு. நிஜமாவே வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. அது பொய்யில்ல, சத்தியமா வலிச்சது."

"தெரியும்பா."

"பீரோகிட்ட சொல்லணும்" என்றார். பிறகுதான் எழுந்தார். சும்மா எழுந்தார்.

முப்பத்தைந்து மீட்டர் கோலை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஆயிரம் தடவை அடித்தவர், ஒரே ஆளிடம் ஒரே வாக்கியம் சொல்லப் புறப்பட்டார். எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் மழை. செவ்வாய் மழை வரும் போலிருந்தது. இதை முட்டி சொல்லவில்லை, ரேடியோ சொன்னது. புதன்கிழமை சட்டை இஸ்திரி போடவில்லை. வியாழக்கிழமை கடையின் எதிர்ப்பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

"கூட்டமா இருந்தது."

கூட்டத்துக்காகவே அந்தக் கடைக்குப் போனவர் அவர்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, மடியில் செய்தித்தாளுடன் நாற்காலியிலேயே இறந்துபோனார். இதயம். அறுபத்து மூன்று வயது. மகளுக்கு அன்று இரண்டு இயந்திரங்கள் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கவில்லை.

வீடு நிறைய ஆட்கள். டெப்போக்காரர்கள், மாடிக்காரர்கள், முடிவெட்டுகிறவர். எல்லோரும் தாழ்ந்த குரலில் கோலைப் பற்றிப் பேசினார்கள். நாற்பது மீட்டர் என்றார் ஒருவர். பாதி மைதானத்திலிருந்து என்றார் இன்னொருவர். கோடு தன் போக்கில் ஏறிக்கொண்டிருந்தது. பீரோ சுவரோரம் நின்றிருந்தார். யாரோ அவரைப் பார்த்து, "நீங்கதானே அது?" என்றார். "ஆமாங்க, நான்தான்."

மகள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அருகில் வைத்தாள். "உட்காருங்க மாமா."

"வேண்டாம்மா. உங்கப்பா இருக்கிற இடத்துல நின்னே பழகிடுச்சு."

என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் ஒரு தகவல் கேட்டாள். அது அவளுடைய தொழில் புத்தி. "அதுக்கப்புறம் நீங்க எத்தனை வருஷம் ஆடினீங்க?"

பீரோ அவளை வியப்பாகப் பார்த்தார். அந்தக் கேள்வி அவரிடம் இதுவரை வந்ததில்லை. "ரெண்டு மேட்ச்" என்றார்.

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு மேட்ச். மூணாவதுல உட்கார வெச்சுட்டாங்க. எனக்குக் குறுக்கே கால் வைக்க வரல. எவனாவது பந்தோட ஓடி வருவான், பார்த்தா உங்கப்பா மாதிரியே இருக்கும். விலகி நின்னுக்குவேன். கதவைத் திறந்துவிடறதுக்கா உன்னை அங்கே நிறுத்தியிருக்குன்னு கேட்டார் கோச். சரியாத்தான் கேட்டார்." புன்னகை செய்தார். "அப்ப எனக்கு இருபது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எதுக்கும்மா? அவருக்கே முட்டி போச்சு. நான் போய் எனக்கும் ஆட்டம் போச்சுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த எழுபத்தோராவது நிமிடத்தில் ஒரு பையனின் ஆட்டம் நிஜமாகவே முடிந்திருக்கிறது. ஊர் ஆள் மாற்றி அனுதாபப்பட்டிருக்கிறது.

மகளின் கைப்பையில் மூன்று வரி ரிப்போர்ட் இருந்தது. எடுத்துக் காட்டினால், "நீங்கள் யாரையும் உடைக்கவில்லை" என்று ஆகும். அதே காகிதம், "நீங்கள் ஒன்றுமில்லாததற்காக ஆட்டத்தை விட்டீர்கள்" என்றும் ஆகும். ஒரு பக்கம் அச்சடித்த காகிதம்தான். ஆனால் எந்தப் பக்கத்தை முதலில் கொடுப்பது? அவள் யோசிப்பதற்குள் டெப்போக்காரர்கள் விடைபெற வந்தார்கள். பீரோவும் கிளம்பினார். கிளம்பும்போது அவளுடைய முகத்தை ஒரு பக்கம் சாய்ந்து பார்த்து, "கண்ணாடி இடதுபக்கம் இறங்கியிருக்கு. கடைக்கு வாம்மா, சரி பண்ணித் தரேன்" என்றார்.

இவ்வளவு நேரம் கேட்ட நீங்கள், எனக்குப் பந்தாட்டமே தெரியாது, என் முட்டி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இனத்துக்குப் பந்து கட்டாயமில்லை. அந்த மேனேஜர் மட்டும் மாற்றலாகி வராமல் இருந்திருந்தால் என்கிறவர், அண்ணன் மட்டும் அந்த வருடம் படிப்பை நிறுத்தச் சொல்லாமல் இருந்திருந்தால் என்கிறவர், குழந்தை மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் இன்று மேடையில் பாடிக்கொண்டிருப்பேன் என்கிறவர், இவர்கள் எல்லோரும் மூன்றாவது படியில் நிற்கிறவர்கள்தான். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரியும்; கேட்டால் சொல்லமாட்டார்கள், டீயைச் சீக்கிரம் குடித்துவிடுவார்கள். ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இங்கே யாருக்கும் உங்கள் மேல் கோபமில்லை. அடுத்த முறை கதையைச் சொல்லும்போது அந்த ஒரு செகண்டில் கொஞ்சம் நிறுத்தி, அறையில் யார் இன்னும் உட்காராமல் இருக்கிறார் என்று பாருங்கள். அது போதும்.

மகளை இந்த இனத்தில் சேர்க்கலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் வேலை. பிறகு மழை. ஒரு நாள் கடையின் எதிர்ப்பக்கம் வரை போனாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், பீரோ ஒரு சிறுமியின் காதருகே சட்டத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இன்னும் இடதுபக்கம் இறங்கியே இருக்கிறது; அவள் விரலால் தூக்கித் தூக்கி விட்டுக்கொள்கிறாள். கடை இரவு எட்டு மணி வரை. ஞாயிறு மட்டும் விடுமுறை. உள்ளே போய், அவரை உட்காரச் சொல்லி, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பா விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். இன்று வியாழக்கிழமை.